வெடித்த சுவருக்கு விடைசொல்வார் யார்?

நெடுங்கேணியிலிருந்து ஒலுமடு செல்லும் திசையிலே, வீதியைவிட்டுச் சற்று உள்ளே தள்ளி, கணவனை இழந்த தாய் ஒருத்தியின் வீடு இருக்கிறது. 2013ஆம் ஆண்டிலே கட்டிமுடிக்கப்பட்ட வீடு. அறை இரண்டு, விறாந்தை ஒன்று, சமையலறை ஒன்று. மீள்குடியேறியபோது தகரக் கொட்டிலிலே மூன்று மாரிகளைக் கழித்த அந்தத் தாய்க்கு, அத்திவாரத்துக்குக் கல் வைத்த நாள் திருநாளாகவே இருந்தது. இரண்டாவது மாரியிலே யன்னலின் மேல்மூலையிலிருந்து மயிரிழைபோல் ஒரு வெடிப்புத் தோன்றியது. கட்டிய பாஸ் வந்து பார்த்தார். "அக்கா, இது பூச்சு காஞ்ச வெடிப்பு. ஒண்டும் செய்யாது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வோர் ஆண்டும் பொங்கலுக்கு முன் அந்தக் கோட்டின் நுனியிலே ஓர் ஆணியாற் கீறி அடையாளமிடுவது அவளுடைய வழக்கமாயிற்று. இன்று அந்தக் கீறல்கள் படிகளைப்போல் ஒன்றன்கீழ் ஒன்றாக நிலத்தை நோக்கி இறங்கி வந்துவிட்டன. வெடிப்பினுள்ளே விரலை நுழைக்கலாம். பாஸ் ஊரைவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள். தவணைதோறும் வந்து அளந்து கையொப்பமிட்ட தொழில்நுட்ப உத்தியோகத்தரும் திட்டம் முடிந்ததோடு போய்விட்டார். அவர் இருந்த அலுவலகமே மூடப்பட்டுவிட்டது.

"தம்பி, இதை ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?" என்று அவள் எம்மைக் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. பிரதேச செயலகத்திலே விசாரித்தோம், அவர்களிடமும் இருக்கவில்லை. வவுனியாவிலே சட்டமறிந்த அன்பர் ஒருவரை விசாரித்தோம், "எழுத்திலே என்ன இருக்கிறது?" என்று அவர் எம்மையே திருப்பிக் கேட்டார். எழுத்திலே ஒன்றுமில்லை. ஒரு வீட்டை எழுப்பிக்கொடுத்தவர் அந்த வீட்டுக்கு எத்தனை காலம் பொறுப்பாளி என்பது, வன்னியிலே குடியேறிய எந்தக் குடும்பத்துக்கும் எழுத்திலே கொடுக்கப்பட்டதாக யாம் அறியோம்.

இதே தாயின் வளவிலே தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதை வாங்கியபோது கடைக்காரர் முத்திரை குத்திக் கொடுத்த உத்தரவாதச் சீட்டை, அதன் காலம் கடந்து பல ஆண்டு ஆனபின்னரும், அடையாள அட்டையோடு சேர்த்து உறையிலிட்டு வைத்திருக்கிறாள். ஓராண்டுக்குள் பழுதுபட்டால் இலவசமாகத் திருத்தித் தருவோம் என்று அதிலே எழுதப்பட்டிருக்கிறது. கைப்பேசி வாங்கினாலும், கதிரறுக்கும் இயந்திரம் வாங்கினாலும், சுவரிலே மாட்டும் கடிகாரம் வாங்கினாலும் இத்தகைய சீட்டு உண்டு. ஓர் உழவன் தன் ஆயுளிலே பெறும் பொருள்கள் எல்லாவற்றிலும் விலைகூடியது வீடு. அதற்கு மட்டும் சீட்டில்லை. என்னே விந்தை!

போருக்குப் பின் எமது மண்ணிலே வீடுகள் எழுந்த வரலாற்றைச் சிறிது நினைவுபடுத்துதல் தகும். 50,000 வீடுகள் கட்டித்தருவதாக இந்திய அரசு 2010ஆம் ஆண்டிலே அறிவித்தது. முதலில் மாதிரியாக 1,000 வீடுகள் ஒப்பந்தகாரர்மூலம் கட்டப்பட்டன. பின்னர் 2012 ஒக்டோபர் 2ஆந் திகதி, காந்தியடிகளின் பிறந்த நாளன்று, இரண்டாம் கட்டம் தொடங்கியது. வடக்கிலும் கிழக்கிலுமாக மொத்தம் 46,000 வீடுகள். புதுவீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய். பழுதுபார்ப்பதற்கு இரண்டரை இலட்சம். பணம் ஒப்பந்தகாரர் கையிலே கொடுக்கப்படவில்லை. வீட்டுக்குரியவரின் வங்கிக்கணக்குக்கே, வேலை எழும்ப எழும்பத் தவணை தவணையாக வந்தது. வீட்டுக்காரரே கல்லும் மண்ணும் வாங்கி, மேசனையும் தச்சரையும் பிடித்துத் தம் வீட்டைக் கட்டிக்கொள்ளும் முறை அது.

அந்த முறையை யாம் குறைகூறப் புகவில்லை. இன்னமும் அதுவே மேலான முறை என்பது எமது துணிபு. அயலூரிலிருந்து வந்த ஒப்பந்தகாரர் அளந்து போட்ட பெட்டியிலே குடிபுகுவதைக் காட்டிலும், தன் வீட்டு வாசல் எந்தத் திசை நோக்கவேண்டும் என்பதைத் தானே தீர்மானித்துக் கட்டுவதிலே ஒரு மானமும் உண்டு. பணத்துக்கு மிஞ்சிய பயனும் உண்டு. பலர் தாலிக்கொடியை அடைவுவைத்தும் கடன்பட்டும் ஓர் அறையைக் கூட்டிக் கட்டினர். அதனால் வந்த கடன்சுமை வேறொரு நாள் எழுதவேண்டிய கதை.

ஆயினும் அந்த முறையிலே ஓர் ஓட்டை இருந்தது. வீட்டுக்காரரே கட்டுவிப்பவர் என்று ஏட்டிலே எழுதியவுடன், பழுதுக்குப் பொறுப்பும் அவர் தலையிலேயே வந்து இறங்கியது. அத்திவாரத்தின் ஆழத்தையும் சீமெந்தின் கலவையையும் அறிந்தவளோ அந்தத் தாய்? தவணைப் பணம் வருவதற்கு உத்தியோகத்தரின் கையொப்பம் வேண்டியிருந்தது. கையொப்பம் வேண்டுமானால் அடுத்த மட்டம்வரை சுவர் எழும்பவேண்டும். ஆகவே கல் காயுமுன் சுவர் எழும்பியது. சுவர் காயுமுன் கூரை ஏறியது.

அந்த நாள்களிலே ஓமந்தைக்கு வடக்கே நடந்ததைக் கண்டவர்கள் அறிவார்கள். ஒரே காலத்திலே ஆயிரக்கணக்கான அத்திவாரங்கள் வெட்டப்பட்டன. மணல் வேண்டுமானால் அனுமதிப்பத்திரம். மரம் வேண்டுமானால் அனுமதிப்பத்திரம். பாலையும் முதிரையும் விளைந்த காட்டின் ஓரத்திலே குடியிருந்தவர்கள் நிலைக்கும் வளைக்கும் மரமின்றி அலைந்தனர். கிடைத்த பச்சை மரத்தை அறுத்துப் பூட்டினர். அடுத்த கோடையிலே கதவு நிலையிலே பொருந்தாமற் கோணியது. மண் கலந்த மணலிலே கல் அரியப்பட்டது. அரிந்த சீமெந்துக் கல்லுக்கு ஒரு கிழமையாவது தண்ணீர் விடவேண்டும் என்பது மேசன் தொழிலின் அரிச்சுவடி. ஆவணி மாதத்திலே குடிதண்ணீருக்கே கிணற்றடியிலே காத்துநின்ற குடியிருப்புகளில் கல்லுக்கு நீர்விட யாரால் முடிந்தது? நேற்றுவரை கூலிக்குக் கல் சுமந்தவர் இன்று மட்டக்கோல் பிடித்துப் பாஸ் ஆனார். அவரையும் குற்றஞ்சொல்ல எமக்கு மனம் வரவில்லை. தொழில் தெரிந்தவர்களிற் பலரைப் போர் கொண்டுபோய்விட்டது.

குளத்துக்குக் கீழான தாழ்நிலங்களின் களிமண் இன்னொரு சங்கதி. மாரியிலே நீருண்டு ஊதும். கோடையிலே சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மேட்டுநிலத்துச் செம்மண்ணுக்குப் போதுமான அத்திவாரம் அந்த மண்ணுக்குப் போதாது. வயல்வரம்பு வெட்டும் எந்தக் கமக்காரனும் இதை அறிவான். ஒரே அளவிலே வரைபடம் வரைந்த மேசைகள் இதை எந்த அளவுக்கு மனத்திற்கொண்டன என்பது சுவர்களைப் பார்த்தாலே தெரியும். ஓதம் ஏறாது தடுக்க அத்திவாரத்தின்மேல் இடவேண்டிய பூச்சைச் செலவு மிச்சம் பிடிக்கவென்று விட்டவர்களும் பலர். அந்த வீடுகளிலே இப்போது கார்த்திகை வந்தால் நிலத்திலிருந்து முழங்காலளவுக்குச் சுவர் ஈரமாகிறது. ஈரத்தின் வழியே கறையான் ஏறுகிறது.

இவற்றுள் ஒன்றேனும் கையளிக்கும் நாளிலே கண்ணுக்குத் தெரிவதன்று என்பதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். வெள்ளையடித்த வீடு எல்லாம் அழகிய வீடே. குறை வெளிப்பட ஒரு மாரியும் ஒரு கோடையும் வேண்டும். சில குறைகளுக்கு ஐந்து மாரி வேண்டும். ஆகவேதான், கையளித்த நாளிலே பொறுப்பும் முடிந்தது என்னும் ஏற்பாடு நீதியாகாது.

2015, 2016ஆம் ஆண்டுகளிலே வேறொரு நாடகம் நடந்தது. வடக்கு கிழக்குக்கு 65,000 வீடுகள் என்று கொழும்பு அறிவித்தது. மகிழ்ந்தோம். ஆனால் அவை உருக்குத் தகட்டினால் முன்கூட்டியே செய்து பொருத்தப்படும் வீடுகள் என்றும், ஆர்செலர்மித்தல் என்னும் பன்னாட்டு நிறுவனம் அவற்றைக் கொண்டுவரும் என்றும், வீடொன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் என்றும் அறிந்தபோது எமது பொறியியலாளரும் பொருளியலாளரும் எழுந்து நின்றனர். அந்தப் பணத்திலே இரண்டு கல்வீடு கட்டலாமே என்றனர். வெப்பத்துக்கும் துருவுக்கும் என்ன மருந்து என்று கேட்டனர். தகடு பழுதுபட்டால் ஊர் மேசனாலே திருத்தமுடியுமா என்பது எல்லாவற்றிலும் கூரிய கேள்வியாக இருந்தது. அந்தப் பெருந்திட்டம் அறிவித்த வடிவிலே நிறைவேறவில்லை. 2018ஆம் ஆண்டிலே சீன நிறுவனமொன்றுக்கு 40,000 கொங்கிறீற்று வீடுகளை ஒப்படைக்கும் ஏற்பாடும், மக்கள் கல்வீடே வேண்டுமென்று நின்றதால், அதே ஆண்டு ஒக்டோபரிலே கைமாறியது. 2019 நவம்பரிலே ஆட்சி மாறியபின், தவணைப் பணம் தடைப்பட்டு அத்திவாரத்தோடும் அரைச்சுவரோடும் நின்ற வீடுகளை இன்றும் வன்னியெங்கும் காணலாம். அந்த அரைச்சுவர்களிலே ஆடு ஏறி நிற்கிறது.

எந்த நாட்டு வீடு, எந்தப் பொருளாலான வீடு என்றெல்லாம் வாதாடினோம். அந்த வாதம் வேண்டியதே. ஆனால் எந்த வீடாயினும் பத்தாண்டுக்குப் பொறுப்பேற்று எழுதிக்கொடு என்று ஒருமித்த குரலிலே யாம் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால், பொறுப்பேற்க அஞ்சும் திட்டங்கள் தாமாகவே ஒதுங்கியிருக்கும்.

கடல்கடந்த எம்மவரைப் பாருங்கள். நெடுங்கேணியிலே பிறந்து ரொறொன்ரோவின் அயலிலே ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாழ்கின்றவர்கள் புதுவீடு வாங்கும்போது, அந்த வீடு ஒன்ராறியோ மாகாணத்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உத்தரவாதத் திட்டத்திலே பதியப்பட்டே விற்கப்படுகிறது. கட்டியவர் பதியாமல் விற்றல் குற்றம். முதலாம் ஆண்டு முழுவதும் வேலைக்குறைக்கும் பொருட்குறைக்கும் அவர் பொறுப்பு. இரண்டாண்டுவரை நீர் உட்புகுதல், மின்னிணைப்பு, நீர்க்குழாய் முதலியவற்றுக்குப் பொறுப்பு. ஏழாண்டுவரை அத்திவாரம், தாங்குசுவர் போன்ற பெருங்குறைகளுக்குப் பொறுப்பு. கட்டியவர் திருத்தத் தவறினால், இதற்கென அமைந்த தாரியன் என்னும் நிறுவனம் ஓர் எல்லைவரை ஈடுசெய்கிறது. தங்கையின் வீட்டுக்கு ஊரிலே பணம் அனுப்பும் அண்ணன் அங்கே ஏழாண்டுப் பொறுப்புறுதியோடு வாழ்கிறான். அவன் அனுப்பிய பணத்தாலே இங்கே எழும்பும் சுவருக்கு ஏழு நாள் பொறுப்புமில்லை.

அங்கே எல்லாம் பாலும் தேனும் என்று யாம் சொல்லவரவில்லை. தாரியன் நிறுவனத்திலே வீடுகட்டும் வணிகரின் செல்வாக்கு மிஞ்சிவிட்டது என்று அந்த மாகாணத்தின் கணக்காய்வாளர் நாயகம் 2019ஆம் ஆண்டிலே கடுமையாக எழுதினார். முறைப்பாட்டுப் படிவத்தைக் குறித்த 30 நாளுக்குள் கொடுக்கவில்லை என்பதற்காக ஆயிரக்கணக்கானோர் திருப்பியனுப்பப்பட்டனர் என்பதும் அந்த அறிக்கையால் வெளிச்சமாயிற்று. பின்னர், 2021ஆம் ஆண்டிலே, கட்டுவோருக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் வேறோர் அமைப்பிடம் மாற்றப்பட்டது. உத்தரவாதத்தைக் கட்டுவோர் கையிலேயே கொடுத்தால் அது கட்டுவோருக்கே உத்தரவாதமாகிவிடும் என்பதை அங்கிருந்து யாம் கற்கலாம். காலவரையறையைக் குறுக்கினால், கொடுத்த உரிமையை மறுகையால் பறித்துக்கொள்ளலாம் என்பதையும் கற்கலாம்.

பிரான்சிலே 1804ஆம் ஆண்டுக் குடியியற் சட்டக்கோவையிலேயே பத்தாண்டுப் பொறுப்புக்கு விதையிடப்பட்டது. 1978ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. பிரித்தானியாவிலே 1936ஆம் ஆண்டு தோன்றிய தேசிய வீடுகட்டுவோர் பேரவை பத்தாண்டு உறுதி வழங்குகிறது. முதலிரண்டு ஆண்டு கட்டியவர் பொறுப்பு. எஞ்சிய எட்டும் காப்புறுதியின் பொறுப்பு. அங்கே இதை வேரூன்றச் செய்ததிலே வங்கிகளுக்குப் பெரும் பங்குண்டு: உறுதியில்லாத புதுவீட்டுக்குக் கடன்கொடுக்க அவை பொதுவாக இணங்குவதில்லை. இந்தியாவும், எமக்கு வீடு தந்த அதே இந்தியா, 2016ஆம் ஆண்டிலே தன் மக்களுக்குச் சட்டமியற்றியது. வீட்டைக் கையளித்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை கண்டால், அறிவித்த 30 நாளுக்குள் விற்றவர் தம் செலவிலே திருத்தவேண்டும்; தவறினால் இழப்பீடு கொடுக்கவேண்டும்.

இவையெல்லாம் மேனாட்டுப் புதுமை என்று எண்ணுவோரும் உளர். அன்று. ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனிய மன்னன் அம்முராபி கல்லிலே பொறித்த சட்டத்திலே, கட்டியவனது குறையால் சுவர் சாயுமானால் அவன் தன் சொந்தப் பணத்தைக்கொண்டு அதைத் திருத்தவேண்டும் என்று இருக்கிறது. வீடு இடிந்து உரியவன் இறந்தால் கட்டியவனுக்கு மரணம் என்றும் இருக்கிறது. அந்தக் கடுமை எமக்கு வேண்டியதில்லை. சுவரைத் திருத்தினாற் போதும்.

இனி எமது நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சேவைகளையும் உள்ளடக்குகிறது. நன்று. ஆனால் அந்தச் சபைக்கு முறைப்பாடு மூன்று மாதத்துக்குள் எழுத்திலே கொடுக்கப்படவேண்டும். பங்குனியிலே வீடு முடிந்தால் ஆனியோடு அந்தக் காலம் முடிகிறது. எமக்கு மழை ஐப்பசியிலே வருகிறது! மழையே காணாத வீட்டிலே ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் வித்தையை எந்தப் பள்ளியிலே கற்பது?

நீதிமன்றம் செல்லலாம். அங்கே 1871ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. எழுத்திலான ஒப்பந்தமாயின் மீறல் நிகழ்ந்து 6 ஆண்டுக்குள் வழக்கிடலாம். வாய்ப்பேச்சாயின் 3 ஆண்டுதான். இந்த ஒரு சங்கதியை எமது உழவர் பெருமக்கள் மனத்திலே பதித்துக்கொள்ளவேண்டும். பாஸோடு பேசிய பேச்சை ஒரு தாளிலே தமிழில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டால், சட்டம் தரும் காலம் இருமடங்காகிறது. செலவு ஒரு தாள்.

"சொந்தக்காரப் பொடியன், எழுத்துக் கேட்டால் மனம் நோகுமே" என்று தயங்குவோர் பலர். ஊரின் இயல்பு அது; யாம் அறிவோம். ஆனால் அரசாங்கம் தனக்கென ஒரு பாடசாலைக் கட்டடத்தையோ வைத்தியசாலை விடுதியையோ கட்டுவிக்கும்போது என்ன செய்கிறது? எழுத்திலே ஒப்பந்தம் செய்கிறது. ஒப்பந்தத் தொகையிலே ஒரு பங்கை, பொதுவாக நூற்றுக்கு ஐந்தை, பிடித்துவைக்கிறது. கட்டடம் கையேற்ற பின்னரும் அதன் ஒரு பகுதியைக் குறைதீர்க்கும் காலம் முடியும்வரை விடுவிப்பதில்லை. அக்காலம் பெரும்பாலும் ஓராண்டு. ஒரு மாரியாவது அதற்குள் அடங்கும். தன் கட்டடத்துக்கு இத்தனை விழிப்போடிருக்கும் அரசாங்கம், ஏழையின் வீட்டுக்குத் தவணை கொடுத்தபோது மட்டும் கடைசிச் சதத்தையும் கூரை ஏறியவுடன் எண்ணிக்கொடுத்துக் கணக்கை மூடியது. கணக்கு மூடினாற் போதும் என்பது உத்தியோக நியாயம். குடியிருப்பவளுக்கு அது நியாயமாகுமா?

உத்தியோகம் பார்க்கும் எம்மவர் நிலையும் இதிலே பெரிதும் வேறுபட்டதன்று. வவுனியாவிலே வங்கிக்கடன் எடுத்து வீடு கட்டும் ஆசிரியரிடமும் எழுதுவினைஞரிடமும் வங்கி என்ன கேட்கிறது? காணி உறுதி கேட்கிறது. கடனாளி இறந்தால் கடன் அடைய ஆயுட்காப்புறுதி கேட்கிறது. தீக்காப்புறுதி கேட்கிறது. இவை யாவும் வங்கியின் பணத்துக்குக் காவல். கட்டுகின்றவர் யார், அவர் எத்தனை ஆண்டுக்குப் பொறுப்பு என்று ஒரு கேள்வி கேட்பதில்லை. தீக்காப்புறுதி இருக்கிறதே என்று மனந்தேறுவோர் அந்தப் பத்திரத்தைப் படித்துப் பார்க்கட்டும். வேலைக்குறையால் வந்த வெடிப்பு அதிலே சேராது. இருபது ஆண்டுக்குத் தவணை கட்டவேண்டிய வீட்டிலே மூன்றாம் ஆண்டிலே ஒழுக்கு. மாதச்சம்பளம் வங்கிக்கும் மேசனுக்குமாகப் பங்குபோகிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. கட்டிய பாஸும் ஏழை. அவரிடம் பத்தாண்டுப் பொறுப்பு எழுதுவித்து என்ன பயன்? வழக்கிட்டு அவரது மண்வெட்டியையும் சாந்தகப்பையையும் பறிப்பதா? வேண்டாம். ஆதலால்தான் யாம் இதைத் தனிமனிதர் பொறுப்பாக மட்டும் விடலாகாது என்கிறோம். ஐந்தரை இலட்சத்திலே நூற்றுக்கு ஐந்து 27,500 ரூபாய். ஆயிரம் வீட்டுக்கு அது 2 கோடியே 75 இலட்சம். கட்டும்போதே இத்தொகையை நன்கொடையாளர் தனியே ஒதுக்கி, பிரதேச மட்டத்திலே ஒரு பொது நிதியாக வைத்திருந்தால், எல்லா வீடும் ஒருங்கே வெடிக்கப்போவதில்லை. வெடித்தவற்றுக்கு அது போதியதாக இருந்திருக்கும். ஒலுமடுத் தாயின் சுவரை அத்திவாரத்திலிருந்து பிடித்துத் திருத்த அவளுடைய பங்கு மட்டும் போதாது. ஆனால் குறையில்லாத வீட்டுக்காரர் பதின்மரின் பங்கு அவளுக்குத் துணைநின்றிருக்கும். கமக்காரர் அமைப்புகள் வாய்க்காலைப் பொதுவிலே செப்பனிடுவது இந்த முறையிலேதானே?

நிதியை யார் கையாள்வது என்பதிலே மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஒன்ராறியோவின் பாடத்தை மறக்கலாகாது. கட்டுவோரும் கையொப்பமிட்ட உத்தியோகத்தரும் அதன் நீதிபதிகளாகக் கூடாது. பிரதேச சபை உறுப்பினர், கமக்காரர் அமைப்பினர், மாதர் சங்கத்தினர், வெளியிலிருந்து ஒரு பொறியியலாளர் என்று ஒரு சிறு குழு போதும். முறைப்பாடு வாய்ச்சொல்லாகவும் ஏற்கப்படவேண்டும். கிராம அலுவலர் அதைத் தமிழிலே எழுதிக்கொள்ளவேண்டும். பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்லலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அச்சபைகள் இருக்கின்றன. சட்டத்தரணிக்குப் பணம் கொடுக்கவேண்டியதில்லை.

நெடுங்கேணியிலே வீட்டைப்பற்றி எழுதுபவன் காணியைத் தொடாமல் விடமுடியாது. 1997ஆம் ஆண்டிலும் 2008ஆம் ஆண்டிலும் போரினால் பெயர்ந்து, மீண்டு வந்தவர்களிற் சிலர் தமது வளவும் தோட்டமும் வனத்துறையின் எல்லைக்கல்லுக்குள் அடங்கிவிட்டதைக் கண்டனர். பலரிடம் இருப்பது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அனுமதிப்பத்திரம், சிலரிடம் அதுவுமில்லை. உறுதியில்லாதவருக்கு வங்கி இல்லை. வங்கி இல்லாதவருக்குக் காப்புறுதியும் தூரம். ஆகவே வீட்டுக்கு உத்தரவாதம் கேட்கும் குரலும் காணிக்கு உறுதி கேட்கும் குரலும் ஒரே தொண்டையிலிருந்தே எழவேண்டியவை.

எமது பிரதிநிதிகளிடமும் ஒரு சொல். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளுக்கு ஒதுக்கிய விடயங்களிலே வீடமைப்பும் கட்டட நிருமாணமும் அடங்கும். வட மாகாண சபை 2013ஆம் ஆண்டிலே எமது வாக்குகளால் அமைந்து 2018 ஒக்டோபரிலே ஆயுள் முடிந்தது. அந்த ஐந்தாண்டும் வன்னியிலே வீடுகள் எழுந்துகொண்டிருந்த காலம். தீர்மானங்கள் பல நிறைவேறின. வரலாற்றைப்பற்றிய தீர்மானம் வேண்டியதே. அதை யாமும் வரவேற்றோம். ஆனால் வீட்டுத் தரத்துக்கென ஒரு நியதிச் சட்டம் அந்தச் சபையிலிருந்து வந்ததாகக் காணோம். கொழும்பு தடுத்தது என்று இதிலே சொல்லமுடியாது. எம்மவர் முயன்றதாகவே தெரியவில்லை. அதிகாரம் போதாது என்று மேடையிலே முழங்குவோர், கையிலிருந்த அதிகாரத்தை எடுத்து ஒரு சுவரையாவது தாங்கியிருக்கலாம்.

இப்போது காலம் மீண்டும் வந்திருக்கிறது. 2025 நவம்பர் இறுதியிலே வீசிய டித்வா புயலும் பெருவெள்ளமும் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. மலையகத்திலும் வன்னியிலும் வீடுகள் வீழ்ந்தன. முழுதும் இடிந்த வீட்டை மீளக் கட்ட 50 இலட்சம் ரூபாய்வரை வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. மீண்டும் ஒரே காலத்திலே பல்லாயிரம் அத்திவாரங்கள். மீண்டும் மணலுக்கும் மேசனுக்கும் தட்டுப்பாடு. மீண்டும் தவணைக்காக ஈரச்சுவரின்மேல் ஏறும் கூரை. 2012ஆம் ஆண்டிலே கண்டதை மறுபடியும் காண எமக்கு விருப்பமில்லை.

நாடாளுமன்றத்திலே எமது உறுப்பினர் இதைக் கேள்வியாக எழுப்பவேண்டும்: வழங்கப்படும் தொகையிலே நூற்றுக்கு ஐந்து பத்தாண்டுப் பொறுப்பு நிதியாக, வீட்டுக்காரரின் பங்கிலே குறைக்காமல், மேலதிகமாக ஒதுக்கப்படுமா? முறைப்பாட்டுக்கான மூன்று மாத வரையறை வீட்டுவேலையைப் பொறுத்தவரை இரண்டு மாரிகளாக நீட்டப்படுமா? வவுனியா வடக்குப் பிரதேச சபைக்கு இதற்காகக் கொழும்பைக் காத்திருக்கவேண்டிய தேவை முழுவதுமில்லை. கட்டட அனுமதி கேட்டு வருவோர் ஒவ்வொருவரிடமும், கட்டுபவரோடு செய்துகொண்ட எழுத்து ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிக் கோவையிலே வைக்க அடுத்த கூட்டத்திலேயே தீர்மானிக்கலாம். ஒப்பந்தம் எழுதத் தெரியாதவருக்குச் சபையே ஒரு பக்கப் படிவத்தை அச்சிட்டுக் கொடுக்கலாம்: கட்டுபவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், அத்திவாரத்தின் ஆழம், சீமெந்தும் மணலும் கலக்கும் அளவு, கம்பியின் பருமன், மொத்தக் கூலி, அதிலே முதல் மாரி கழியும்வரை பிடித்துவைக்கும் தொகை, இருவர் ஒப்பம். வவுனியா நீதிமன்றத்திலே தொழில்புரியும் எமது இளம் சட்டத்தரணிகள் இருவர் ஒரு மாலைப்பொழுதிலே இதை வரைந்துகொடுக்கலாம். வரைந்து அனுப்பினால் இந்த ஏட்டின் முதற்பக்கத்திலே, வெட்டியெடுத்துப் பயன்படுத்தத்தக்க அளவிலே, வெளியிடுமாறு ஆசிரியரை வேண்டிக்கொள்கிறோம்.